பீலிக்கு வந்த உலகத் தரநிலை

உலகத் தரநிலை எழுதுவது லேசான தொழில்: ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அது ஒருவருக்கும் பிடிக்காத நிலைக்கு வரும்வரை எல்லாரும் சேர்ந்து திருத்தவேண்டும், அவ்வளவுதான்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்ந்தவன். ஓய்ந்த பிறகு சும்மா இருந்திருக்கலாம். கொழும்பிலிருந்து போன் வந்தது. தேயிலைத் தோட்டங்கள் மண்ணையும் தண்ணீரையும் எப்படிக் காக்கவேண்டும் என்று பல நாடுகள் சேர்ந்து ஒரு சுற்றாடல் தரநிலை எழுதுகிறார்களாம். அதன்படி நடக்கிற தோட்டத்துக்குச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டில் தேயிலை நல்ல விலைக்குப் போகும். நம் நாட்டுக் குழுவுக்கு அனுபவஸ்தர் ஒருவர் தேவை என்றார்கள். அனுபவஸ்தர் என்றால் கிழவன் என்று அர்த்தம். தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன்.

கமிட்டிகளில் உட்கார்ந்து இடுப்பொடிந்த அன்பர்களே, மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

பிஸ்கட்டுக்கு உலகம்

குழுவின் செயலாளர் பெயர் கேதீஸ். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் உத்தியோகம். ஒருநாள் கூப்பிட்டார். இனிமேல் எல்லாக் குழுக்களிலும் இளம் வல்லுநர்களைச் சேர்க்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். எங்கள் குழுவின் படத்தைப் பார்த்து எவரோ பயந்திருக்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் தேநீர் இடைவேளை என்பது மாத்திரை போடுகிற நேரம். "மலைநாட்டுப் பக்கமிருந்து ரெண்டு பேரைப் பிடிச்சுத் தாங்கோ ஐயா" என்றார் கேதீஸ். பிடித்துக் கொடுக்க அவர்கள் என்ன கோழிகளா?

இரண்டு பேரைத் தெரியும். தர்ஷினி பொறியியல் படித்தவள். நுவரெலியாவில் வடிகால் வரைபடம் போடுகிற வேலை. வீடு வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில். கேட்டவுடன் சரி என்றாள். நிரோஷன் சுற்றாடல் விஞ்ஞானம் படித்துவிட்டு ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீர் பரிசோதிக்கிறான். இவன்தான் குறுக்கு விசாரணை செய்தான். என்ன வேலை? வாசிக்கிற வேலை. யார் படிப்பார்கள்? உலகமே படிக்கும். என்ன தருவார்கள்? பிஸ்கட் தருவார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"ஒரு பிஸ்கட்டுக்கு உலகத்தக் காப்பாத்தச் சொல்றீங்க. க்ரீம் வச்ச பிஸ்கட்டுன்னா வர்றேங்க."

இளம் வல்லுநர் மூன்று

முதல் வெளிநாட்டுக் கூட்டம் கணினி வழியாக. எனக்கு வந்த இணைப்பு திறக்கவில்லை. இளசுகளுக்கு வந்த இணைப்பை நிரோஷன் என் கணினியில் போட்டுக் கொடுத்தான். திறந்தது. என் நரைத்த மீசை திரையில் வந்தது. அதன் கீழே 'இளம் வல்லுநர் 3' என்று எழுத்தும் வந்தது. மாற்றச் சொன்னேன். மாற்றத் தெரியாது என்றான். தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தான்.

ஒவ்வொரு நாட்டு இளம் வல்லுநரும் தம்மை அறிமுகப்படுத்தவேண்டும் என்றார் தலைமை வகித்த வெள்ளைக்கார அம்மாள். ஒரு பெண் தன் முதல் வேலை என்றாள். ஒரு பையன் போன மாதம்தான் பட்டம் வாங்கினானாம். என் முறை வந்தது. தொழிலுக்கு நான் வந்தபோது இவர்களில் பலருடைய அப்பாமார் அரைக் காற்சட்டை என்று சொன்னேன். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்:

"உங்கள் நாட்டில் இளமை இவ்வளவு நாள் தாங்குகிறது என்பது மகிழ்ச்சியான செய்தி."

பெரட்டு வழக்கம்

தரநிலையின் வரைவைப் பற்றி நம் நாடு என்ன சொல்கிறது என்று முடிவுசெய்ய ஹட்டனில் ஒரு கூட்டம். கேதீஸ் ரயிலில் வந்திருந்தார். தோட்டத் துரைமார் சிலர், அதாவது முகாமையாளர்கள், முன்வரிசையில். ஓய்ந்தவர்கள் நடுவில். இளசுகள் இருவரும் கதவோரம். கேதீஸ் ஒவ்வொரு பந்தியாக வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்பார். ஒருவரும் பேசாவிட்டால் சம்மதம் என்று குறிப்பார். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இதுதான் முறை.

ஒரு பந்தி வந்தது. ஊற்றிலோ ஓடைக்கரையிலோ குளிப்பது, துவைப்பது நடக்காதபடி தோட்டம் அந்த இடங்களை அடைத்துவிடவேண்டுமாம். எழுதியவர் வீட்டுக்குள் குளிக்கிறவர். மலை ஊற்றை ஒரு குழாய்த்துண்டில் வழியவிட்டு, அதன் கீழ் நின்று குளித்து, குடத்திலும் பிடித்துக்கொண்டு போகிற எங்கள் பீலியை அவர் கண்டிருக்கமாட்டார். ஆட்சேபனை உண்டா என்று கேட்டார் கேதீஸ். துரைமாருக்கு இல்லை. ஓய்ந்தவர்களில் பாதிப் பேர் தூக்கம். கதவோரத்தில் தர்ஷினி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்மதம்.

வெளியே வந்து கடையில் பிளேன்டி சொன்னதுதான் தாமதம், அவள் வெடித்தாள். "அது எப்படிங்க அடைக்கிறது? எங்க லயத்துக்கு அந்தப் பீலிய விட்டா வேற தண்ணி ஏதுங்க? குடிக்க, குளிக்க, சட்டிபானை கழுவ எல்லாம் அதுதான். இது வரப்போவுதுன்னு எங்க தொரை இப்பவே முள்ளுக்கம்பிக்கு அளவெடுத்து முளை அடிச்சிட்டாரு. நீ போற கமிட்டிதானேடி இதுன்னு எங்கம்மா கேக்குது, என்னான்னு சொல்றது?" எனக்குக் கோபம் வந்தது. இதை உள்ளே சொல்லித் தொலைப்பதற்கென்ன? அந்தத் தொரையே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று துரை வேலை பிரிப்பார். அங்கே வாய் திறக்கிற பழக்கம் எங்கள் பக்கம் ஒருவருக்கும் இல்லை. நிரோஷன் வடையைக் கடித்துக்கொண்டே அதை இன்னும் சுருக்கமாகச் சொன்னான்:

"பெரட்டுல எதுத்துப் பேசுறவனுக்கு அட்ட கடிக்கிற மலைதாங்க. வாயத் தொறக்குறது பெரட்டு கலைஞ்ச பொறகுதான்."

கூட்டம் முடிந்தது

கேதீசைப் போனில் கூப்பிட்டேன். அந்தப் பந்தியை மறுபடி எடுக்கவேண்டும் என்றேன். எடுக்கலாம், நாட்டின் பதில் இன்னும் போகவில்லை, ஆனால் பாதிக்கப்படுகிற ஆளே காரணம் சொல்லவேண்டும் என்றார். "நீங்கள் சொன்னால் எடுபடாது ஐயா. நீங்கள் வீட்டுக்குள்ள குளிக்கிற ஆள்." உண்மைதான். பதில் எழுதும் சின்னக் குழு அடுத்த வாரம் கணினியில் கூடுகிறது, துரைமார் கிடையாது, பிள்ளையைப் பேசச் சொல்லுங்கோ என்றார்.

என் வீட்டு மேசையில் கணினி. திரையில் கேதீஸ். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். "தங்கச்சி, சொல்லுங்கோ" என்றார் கேதீஸ். தங்கச்சி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தாள். "தம்பி?" தம்பி தொண்டையைச் செருமினான். அத்தோடு சரி. கொழும்பு உத்தியோகத்தர் ஒருவர் திரையில் இருந்தால் அதுவும் பெரட்டுதான் போலிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. "சரி, கூட்டம் முடிந்தது, எழும்புங்கள், தேத்தண்ணி குடிக்கலாம்" என்று சொல்லித் திரையைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அணைக்கவில்லை.

என் வீட்டுக்காரி தட்டோடு வந்தாள். அவ்வளவுதான், மடை திறந்தது. பீலியை அடைத்தால் மலையிறங்கி ரோட்டுக்குப் போய்த் தண்ணீர் சுமக்கவேண்டும், பிள்ளைத்தாச்சிகள் என்ன செய்வார்கள், கொழுந்து எடுத்துவிட்டு வந்து எங்கே குளிப்பார்கள் என்று தர்ஷினி கையை வீசி வீசிப் பேசினாள். குளிக்கிற இடத்தில் கல்லுக்கட்டி வாய்க்கால் இழுத்தால் சோப்புத் தண்ணீரை ஓடைக்குப் போகாமல் திருப்பலாம் என்று தட்டிலிருந்த பிஸ்கட்டுகளை அடுக்கிக் காட்டினாள். சுவர்ப் பக்கமிருந்து தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். திரையிலிருந்து கேதீஸ் சந்தோஷமாகச் சொன்னார்: "நிப்பாட்டாதேங்கோ தங்கச்சி, வாய்க்கால் வரைக்கும் எழுதிப்போட்டன்." அவள் என்னைப் பார்த்த பார்வையில் தேத்தண்ணி ஆறிவிட்டது.

"ஏமாத்திப் பேச வைக்க நான் என்ன சின்னப்புள்ளையாங்க? வெள்ளக்காரங்க கூட்டத்துல நானே பேசுறேன். நீங்க நடுவுல வராதீங்க."

பஸ்ஸுக்குள் ஒழுகியது

இந்தத் தொழிலில் சும்மா எதிர்க்க முடியாது. வாக்கியம் பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பதில் வாக்கியம் கொடுக்கவேண்டும். என் வீட்டில் சம்சாரத்துக்கும் இந்த விதி தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

தலவாக்கலைக்குப் போகிற பஸ்ஸில் என்னை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் பதில் வாக்கியத்துக்காக மல்லுக்கு நின்றார்கள். பந்தியையே எடுத்துவிடவேண்டும் என்றாள் தர்ஷினி. நிரோஷன் மாட்டேன் என்றான். "உங்க பீலித் தண்ணி எங்க போவுது தெரியுமா? கீழ லயத்துக்குத்தான். நாந்தானே சோதிச்சுப் பாத்தேன். அம்புட்டும் சோப்பு. நீங்க குளிச்ச தண்ணிய அவங்க குடிக்கிறாங்க." "அப்ப எங்கம்மா குளிக்கக் கூடாதா?" "குளிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா? கீழ இருக்கவங்களும் ஆளுங்கதானேன்னு சொல்றேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையன் சொன்னது சரி என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அதனால் மூன்று பேருக்கும் எரிச்சல்.

கொட்டகலை தாண்டும்போது அவளே திரும்பினாள். "குழாய் முதல்ல. வேலி பொறகு" என்றாள். அந்த ஆட்களுக்கு வேறு நல்ல தண்ணீர் கொடுத்த பிறகுதான் தோட்டம் ஊற்றை அடைக்கலாம், அதுவரைக்கும் சோப்புத் தண்ணீர் ஓடையில் விழாதபடி வாய்க்கால் போட்டுக் கொடுக்கவேண்டும். நிரோஷன் சொல்லிப் பார்த்தான். குறை கண்டுபிடிக்க முயன்றான். முடியவில்லை. கைகுலுக்க எழுந்தவனைக் கொண்டக்டர் தோளில் அமுக்கி உட்காரவைத்தான். வெளியே மழை. பஸ் கூரையிலிருந்து கொண்டக்டரின் சட்டைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"தண்ணிக்குச் சட்டம் எழுதுற ஆளுங்களா நீங்க? அப்பிடியே இந்தக் கூரைக்கும் ரெண்டு வரி போடுங்க தம்பி, முதலாளி நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குறாரு."

தவளைக்கு அடுத்தபடி

பெரிய கூட்டம் ஒரு பின்னேரம் நடந்தது. அந்தப் பந்திக்கு இலங்கையின் சார்பில் தர்ஷினிதான் பேசுவாள் என்று கேதீஸ் முன்கூட்டியே அறிவித்திருந்தார். மறுபடியும் என் வீட்டு மேசை. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். ஒரு கட்டத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர். தர்ஷினி அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அவளுடைய தோட்டத்துத் துரை. நாட்டுக் குழுவில் அவரும் உறுப்பினர், வருவதற்கு உரிமை உண்டு. இவள் குடும்பம் அவர் லயத்தில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கப் போனேன். நடுவில் வராதே என்று சொல்லியிருக்கிறாள். மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் இது அபூர்வம்.

பந்தி வந்தது. அம்மாள் இலங்கை என்றார். மறுபடி இலங்கை என்றார். நிரோஷன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான் என்று நினைக்கிறேன், அவள் "ஆ" என்றாள். அந்த 'ஆ'வே ஆரம்பமாகிவிட்டது. அதன்பிறகு அவள் நிற்கவில்லை. பீலி என்றால் என்ன என்று சொன்னாள். கீழ் லயத்துக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். குழாய் முதலில், வேலி பிறகு என்று பதில் வாக்கியத்தை வாசித்தாள். ஒரு நாட்டுப் பிரதிநிதி குறுக்கிட்டார்: இது சுற்றாடல் தரநிலை, ஆட்களின் வசதி வேறு குழுவின் பொறுப்பு. நல்ல மனிதர்தான், குரலில் வெண்ணெய். தர்ஷினி கழுத்துப்பட்டிக் கட்டத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு அவருக்குப் பதில் சொன்னாள். "இந்த வரைவில் மீனுக்கு ஒரு பந்தி இருக்கிறது. தவளைக்கு இரண்டு இருக்கிறது. அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிற பெண்களைத் தவளைக்கு அடுத்தபடியாகவாவது போடுங்கள்."

அம்மாள் ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். வெண்ணெய்க்காரர் தாளைப் புரட்டினார். அம்மாள் இன்னொருதரம் கேட்டார். இல்லை. ஏற்கப்பட்டது. நிரோஷன் மேசையில் குத்தியதில் என் மூக்குக்கண்ணாடி விழுந்தது. அப்போதுதான் கழுத்துப்பட்டிக் கட்டம் வெளிச்சமாயிற்று. துரை ஒலிவாங்கியைத் திறந்திருந்தார். தர்ஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். துரை உலகத்தைப் பார்த்துப் பல்தெரியச் சிரித்துச் சொன்னார்:

"குழாய் முதலில், வேலி பிறகு என்பதுதான் எங்கள் தோட்டத்தின் கொள்கை, இந்த இளம் பெண் அதை அழகாக எடுத்துச் சொன்னார்."

தாயாரின் ஆட்சேபனை

வரைவு இன்னும் இறுதி வாக்கெடுப்புக்குப் போகவேண்டும். ஆனால் உலகத்தின் முன்னால் கொள்கை என்று சொல்லிவிட்டால் துரையானாலும் குழாய் போட்டுத்தான் ஆகவேண்டும். முள்ளுக்கம்பிக்கு அடித்த முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள். மேல்மலையில் தொட்டி கட்ட இடம் பார்த்தார்கள். லயத்துக்குக் குழாய் வருகிற வழியில் நீளக் குழியாகக் கான் வெட்ட ஆரம்பித்தார்கள். பீலிக்கருகே சோப்புத் தண்ணீர் திரும்புகிற வாய்க்காலைத் தர்ஷினியே நின்று கட்டவைத்தாள். கீழ் லயத்தில் நிரோஷன் மறுபடி தண்ணீர் எடுத்துச் சோதித்துவிட்டு, இப்போது பரவாயில்லை என்றான். பரவாயில்லை என்பது ஆய்வுகூடத்துக்காரன் வாயிலிருந்து வருகிற மிகப் பெரிய பாராட்டு.

என்னையும் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழுக்குகிற படிகள், முழங்காலுக்கு ஆகாது. பீலியில் பெண்கள் கூட்டம். நான் தூரத்திலேயே நின்றுகொண்டேன். தர்ஷினியின் அம்மா ஈரத் தலையை முறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மகள் பெருமையாக விளக்கினாள். குழாய் வரும், வாசலிலேயே தண்ணீர், இனி இந்தப் படியில் குடம் தூக்கவேண்டாம், அதற்குப் பிறகு ஊற்று பாதுகாப்பாக அடைக்கப்படும். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் தலை நின்றது. இடுப்பில் கை போனது. பின்னாலிருந்த பெண்களும் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாட்டுப் பிரதிநிதியும் தராத பயத்தை அப்போதுதான் தர்ஷினி முகத்தில் கண்டேன்.

"கொழாய் வரட்டும்டி, நல்லதுதான். ஆனா அதுக்கப்புறம் பீலிய அடைச்சுப்புடலாம்னு எழுதுனவ நீதானா? லயத்து நாயம் பூரா இங்கதானேடி பேசுறோம், இனிமே என்னா, ஆளுக்கொரு கொழாய்கிட்ட நின்னு பேசுறதா? போ, போயி அந்த வெள்ளக்காரிக்கிட்ட இன்னொரு தடவ சொல்லிட்டு வா."

இளசுகளைக் குழுவில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தோம். அம்மாவின் ஆட்சேபனைக்குப் பதில் வாக்கியம் தேடிக்கொண்டிருக்கிற அவர்கள், அடுத்த கூட்டத்தில் கிழவர்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் ஒரு வாக்கியம் தயார் செய்கிறார்களாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.